சபுராளிக்கு எத்தனை பெயர்

எங்கள் கீழக்கரையில் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர் எல்லாருமே சபுராளிதான். துபாயோ பினாங்கோ, போய் இரண்டு மாதமோ நாற்பது வருடமோ, ஒரே சொல். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊராருக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பும் எனக்குத்தான் தெரியும், அரசாங்கத்துக்கு அந்த ஒரு சொல் போதாது என்று.

என் காக்கா, அதாவது அண்ணன், துபாயில் 22 வருடம். இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். அவர் என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாடு வாழ் இந்தியர். வரிக்காரர்கள் அவர் ஊரில் இருந்த நாட்களை எண்ணுவார்கள். வருடத்தில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் வரிக்கணக்கில் உள்ளூர்க்காரர். அந்த எண் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2010இல் சட்டம் திருத்தி இவர்களுக்கும் ஓட்டு கொடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நானே 6ஏ படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். 2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11, ஓட்டு 19. லீவு முடிந்து காக்கா 15ஆம் தேதியே விமானம் ஏறிவிட்டார். (ஜனவரி 9 மத்திய அரசின் பிரவாசி, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் தினம், 12 தமிழக அரசின் அயலகத் தமிழர் தினம். இரண்டு நாளும் அவருக்கு டியூட்டி.)

மாமா கதை வேறு. பினாங்கில் மலேசியக் குடியுரிமை வாங்கியதும் இங்கே உள்ளது போய்விட்டது. இரட்டைக் குடியுரிமையை இரண்டு நாடும் ஒப்புவதில்லை. அதற்குப் பதில் ஓ.சி.ஐ. அட்டை, அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா', இந்தியாவின் கடல்கடந்த குடிமகன். பாஸ்போர்ட் மாதிரியே சின்னப் புத்தகம், ஆயுளுக்கும் விசா. பெயரிலேயே 'குடிமகன்' இருக்கிறது.

போன மாதம் ஏர்வாடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலை பேசிவிட்டு, அட்டையோடு கடைக்கு வந்தார். ஓ.சி.ஐ.காரர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க முடியாது என்றேன். வாரிசாக வந்தால் சரி.

"மருமவனே, குடிமகன்னு போட்டிருக்கான். ஓட்டு இல்ல, தோப்பும் இல்ல. அப்புறம் எதுக்கு அந்தப் பேரு?"

"சரி, உங்க காக்கா பேருல முடிப்போமா?" என்றார். வேடிக்கை என்னவென்றால், இதில் மட்டும் பாஸ்போர்ட் பேதமே இல்லை. என்.ஆர்.ஐ.யும் தோப்பு வாங்க முடியாது.

மனை வாங்கலாம், வீடு வாங்கலாம் என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனையில ரெண்டு தென்னை வச்சுக்கலாம்ல?"

அதற்குத் தடை இல்லை மாமா என்றேன்.