பதினாலு படி

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் கடையில் 26 வருஷம் கணக்கு எழுதினேன். மலைக்கு மேலே இடுக்கிப் பக்கம் விளைகிற காய் போடிமெட்டு வழியாக மூட்டை மூட்டையாக இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சல்லடையில் சலித்து, பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பொறுக்குவார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றரை வயதில் எனக்குப் போலியோ வந்தது. 1974-ஆம் வருஷம். சொட்டு மருந்து எங்கள் தெரு வரைக்கும் வந்து சேராத காலம். வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர், இடது கையில் ஊன்றுகோல். காலிப்பருக்கு இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் தோல் பட்டைகள், முழங்காலில் ஒரு பூட்டு. எழுந்து நின்று காலை நேராக்கினால் பூட்டு ‘டக்’ என்று விழும். ‘அக்கா எந்திரிச்சிட்டாங்க’ என்று பொறுக்குகிற பெண்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்கள். ராத்திரி பட்டையைக் கழற்றினால் தோலில் வியர்வையோடு ஏலக்காய் வாசமும் ஏறியிருக்கும்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என் காலுக்கு ஒரு வழி சொல்லாமல் போனதில்லை. வர்மம், உழிச்சில் என்கிற எண்ணெய்த் தடவல், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை. இடுக்கிப் பக்கம் வண்டன்மேட்டிலிருந்து வரும் ஒரு மலையாளி ஏலத்தோட்டக்காரர், “மோளே, எல்லாம் ஷரியாகும்” என்று தலையைத் தொட்டுச் சொல்வார். அன்பில்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதிலுக்கு நான் சிரிக்க வேண்டும், ‘ஆமா, சரியாயிரும்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் முகம் வாடிவிடும். கால் எனக்கு, ஆறுதல் அவர்களுக்கு என்று ஆகிப்போனது. நாள் முழுக்க நின்றதைவிட அது அதிகமாகக் களைக்க வைத்தது.

44 வயதில் நல்ல காலும் தளர ஆரம்பித்தது. மதுரையில் ஒரு நரம்பு டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். போலியோ கிருமி முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பு செல்களை அழிக்கிறது. தப்பித்த செல்கள் புதிதாகக் கிளைவிட்டு, ஆதரவில்லாமல் போன தசை இழைகளையும் சேர்த்துச் சுமக்கின்றன. முப்பது நாற்பது வருஷம் அப்படிச் சுமந்தபின் அவையும் ஓய்ந்துபோகலாம். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. களைத்துப் போவதற்கு முன்னாலேயே உட்காருங்கள், உடம்பை வதைத்து உடற்பயிற்சி செய்யாதீர்கள் என்றார். ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு’ என்று கேட்டே வளர்ந்தவள் நான். அந்த முயற்சியே என் கையிருப்பைக் கரைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடைப் பொறுப்பு முதலாளியின் மகன் கைக்கு வந்தது. கணக்குப் பிரிவை மாடிக்கு மாற்றினார். பதினாலு படி. கழிவறை கீழேதான். ஏறி இறங்க முடியாமல் நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். கீழே ஒரு மேஜை போதும் என்று கேட்டபோது, “அக்கா, நீங்களே இப்படிச் சொல்லலாமா? எங்களுக்கெல்லாம் தைரியமே நீங்கதான். மனசு வெச்சா மலையே ஏறுவீங்க” என்றார். அந்த ஆயுத பூஜைக்கு எனக்குச் சால்வை போட்டார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாளும் பதினாலு படி ஏறினேன்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. நான் கேட்டது சலுகை இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டிருக்க மாட்டேன்.

பொறுக்க வரும் பெண்களில் வயதில் மூத்த ஒரு மதினி உண்டு. கடைத் தரையில் காய் சிதறிக் கிடக்கும். ஊன்றுகோல் அதன்மேல் பட்டால் உருண்டு வழுக்கிவிடும். நான் வரும் நேரம் பார்த்து வாசலிலிருந்து படிவரைக்கும் கூட்டி வைத்திருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் மத்தியானம், “இன்னைக்கு எத்தன தடவ ஏறுன?” என்று கேட்டார்.

“மூணு, மதினி.”

“போதும். சீட்டு, நோட்டு எதுன்னாலும் நான் கொண்டாந்து தாரேன். இங்கேயே உக்காரு.”

அப்படியே உட்கார்ந்தேன். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல், மடியில் பேரேடு. கேட்கிறவர்களிடம் ‘ஏற முடியாது’ என்று மட்டும் சொன்னேன். எட்டு நாள் அப்படிப் போனது. ஒன்பதாம் நாள் என் மேஜை கீழே வந்தது.

கடையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த வண்டன்மேட்டுக்காரர் வந்தார். அதற்குள் நான் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தேன். வழக்கம்போல, “எல்லாம் ஷரியாகும் மோளே” என்றார்.

“ஆகாது சேட்டா. இது இப்படியே இருக்கும். உட்காருங்க” என்றேன். அதுவரை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், மூன்று வருஷமாகத் தன் மனைவிக்கு ஞாபகம் தப்பிப்போவதைச் சொன்னார். சில நாள் அவரையே யாரென்று கேட்கிறாராம். அதுவும் சரியாகாது என்றார். நான் ஒன்றும் சொல்லித் தேற்றவில்லை. டீ வந்தது. குடித்து முடித்தபிறகும் அவர் எழுந்து போகவில்லை.