தங்கையின் மூக்கு

"அக்கா, கோபித்துக்கொள்ளாதே" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்தினாள் தங்கை. "உன் மூக்கிலிருந்து வாடை வருகிறது. ஓராண்டாகவே வருகிறது."

அப்போது எனக்கு வயது 26. மூக்கில் பச்சையாகப் பொருக்கு கட்டுவதும், அதைப் பெயர்த்தெடுத்தால் ரத்தம் கசிவதும் எனக்குத் தெரியும். வறட்டுச் சளி என்றே நினைத்திருந்தேன். வாடை மட்டும் தெரியவில்லை. தலையணையை முகர்ந்து பார்த்தேன், கைக்குட்டையை முகர்ந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. பக்கத்து மேசைத் தோழி ஏன் எப்போதும் ஜன்னலோரம் நின்றே என்னோடு பேசினாள் என்பது அன்றிரவுதான் விளங்கியது.

"மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கிறது" என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அடைப்பா? தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது" என்றார். மூக்கினுள் பக்கச் சுவரில் சுருள் சுருளாக எலும்புகள் உண்டு. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அவற்றின் மேல் போர்த்தியிருக்கும் சவ்வு. எனக்கு அந்தச் சவ்வும் எலும்பும் தேய்ந்து, மூக்கு வெறும் குகையாகிவிட்டிருந்தது. காற்று தாராளமாகப் போகிறது. போவதை உணரும் நரம்பு நுனிகள்தாம் இல்லை. அதனால்தான் அடைத்ததுபோலத் தோன்றுகிறது. சளியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளும் அழிந்துவிட்டதால், அது அங்கேயே காய்ந்து, கிருமி சேர்ந்து நாறுகிறது.

அட்ரோபிக் ரைனைட்டிஸ் என்று எழுதிக் கொடுத்தார். ஓசீனா என்பது இதன் பழைய பெயர். நாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சோதனையில் கிளெப்சியெல்லா ஓசீனே என்ற கிருமி வளர்ந்தது. நோய்க்குக் காரணமே அதுதானா, தேய்ந்த மூக்கில் பின்னால் வந்து குடியேறியதா என்பது மருத்துவ உலகில் இன்னும் முடிவாகவில்லை. என் ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைந்திருந்தது. அதற்கு மாத்திரை தந்தார்.

மணம் உணரும் நரம்பும் இதில் கெட்டுவிடுவதால் நோயாளிக்குத் தன் நாற்றம் தெரியாது. இதை மருத்துவ நூல்கள் 'கருணையுள்ள மணமிழப்பு' என்ற பொருளில் குறிப்பிடுகின்றன. அந்தப் பெயரை நான் வெறுக்கிறேன். சுற்றியிருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் ஓராண்டு கழிந்ததில் என்ன கருணை? கதவைச் சாத்திவிட்டு, நடுங்கும் குரலில், நேராக என்னிடமே சொன்னாளே, அதுதான் கருணை. உங்கள் பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்தால், தயவுசெய்து தனியே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அன்றாடம் மூக்குக் கழுவல்தான் சிகிச்சை. சமையல் சோடா, வெண்காரம், இரண்டு பங்கு உப்பு கலந்த பொடியை மருந்துக்கடையில் தருகிறார்கள். கொதித்து ஆறிய 280 மில்லி நீரில், வெதுவெதுப்பாக இருக்கும்போது அதைக் கரைக்க வேண்டும். குனிந்து, வாயைத் திறந்து, "க், க்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினால் நீர் தொண்டைக்குள் இறங்காது. இது பிடிபட எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முதல் நாள் பெயர்ந்து வந்த பொருக்கு, மூக்கின் உட்புறத்தை அச்செடுத்ததுபோல் இருந்தது. அதைப் பார்த்து அழுதேன். கழுவிய பிறகு கிளிசரினில் கரைத்த 25 சதவீதக் குளுக்கோஸ் சொட்டுகள். நாற்றமுண்டாக்கும் கிருமிகளை அவை தடுக்கின்றன.

அறுவை சிகிச்சையும் உண்டு. 1967 இல் யங் என்ற மருத்துவர் விவரித்த முறை. மூக்குத் துளையையே தைத்து மூடி, பல மாதங்கள் காற்றுப் படாமல் சவ்வைத் தேறவிடுவார்கள். வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு அத்தனை மாதம் இருப்பதை நினைத்தாலே நெஞ்சு இறுகுகிறது. இன்னும் சம்மதிக்கவில்லை.

காலையில் கழுவி முடித்ததும் தங்கையின் எதிரே போய் உட்கார்ந்து, "இன்று?" என்று கேட்பேன். நெருங்கி வந்து முகர்ந்து பார்த்துச் சொல்வாள். பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்கிறாள். போன செவ்வாய்க்கிழமை "கொஞ்சம் இருக்கிறது" என்றாள். எழுந்து போய் மறுபடி நீரைச் சூடாக்கினேன்.