பயிற்சியாளர் ஏற்றுக்கொள்ளாத நற்செயல்

பள்ளி மேடைகளில் சொல்லப்படும் விளையாட்டு வீரர்களின் கதைகள் பெரும்பாலும் வறுமையில் தொடங்கி, கடும் உழைப்பைக் கடந்து, பதக்கத்தில் முடிகின்றன. அவற்றைக் கேட்கும் பிள்ளைகளுக்கு உழைப்பின் அருமை விளங்கும். ஆனால் வெற்றி ஒருபுறமும் நேர்மை மறுபுறமும் இழுக்கும்போது என்ன செய்வது என்பது விளங்காது. ஆசிரியர் என்ற முறையில் நான் வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல விரும்புவது அந்த இழுபறி உள்ள கதைகளைத்தான்.

2012 டிசம்பரில் ஸ்பெயினின் புர்லாடா என்ற ஊரில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டத்தில், அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றிருந்த கென்யாவின் ஏபெல் முத்தாய் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டதாகத் தவறாக எண்ணிய அவர், அதற்குச் சில மீட்டர்கள் முன்பாகவே ஓட்டத்தைத் தளர்த்திவிட்டார். பின்னால் வந்த இவான் பெர்னாண்டஸ் அனயா எளிதாக முந்தியிருக்கலாம், முந்தவில்லை. மொழி புரியாத முத்தாய்க்குச் சைகையால் கோட்டைக் காட்டி, அவரை முன்னே அனுப்பிவிட்டு, தாம் இரண்டாவதாகவே ஓட்டத்தை முடித்தார்.

பலரும் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ இதற்குப் பின் வருவதே முக்கியமாகப் படுகிறது. அனயாவின் பயிற்சியாளர் மார்ட்டின் பிஸ், 1995இல் மாரத்தான் உலகச் சாம்பியனானவர். தாமாக இருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டேன் என்று வெளிப்படையாகவே கூறினார். இதையும் மறைக்காமல் சொன்னால்தான் பிள்ளைகள் தாங்களாக யோசித்து, ஒருவரோடொருவர் வாதிடத் தொடங்குவார்கள். அந்த வாதத்துக்கு இடம் தராமல் நீதியை நாமே சொல்லி முடித்தால், அது தேர்வுக்கான விடையாக மட்டுமே அவர்கள் மனத்தில் தங்கும்.

வீரரை அல்ல, அவருடைய செயலைத்தான் முன்னிறுத்த வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. புற்றுநோயை வென்று திரும்பிய மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை உலகமே முன்மாதிரியாகக் காட்டியது. ஊக்கமருந்து முறைகேட்டுக்காக 2012இல் அவருடைய ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவரை நம்பிய பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியர் ஆறுதல் சொல்லியிருப்பார்?

1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டியில், கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்தபோது, படகு கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர் வீரர்களைக் கண்டு, தம் பாதையை விட்டு விலகிச் சென்று காப்பாற்றினார். பின்னர் நடுவர் குழு அந்தச் சுற்றில் அவருக்கு இரண்டாம் இடத்தையே அளித்தது. அனயாவுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்லி, நடுவர்கள் இடத்தைத் திருப்பித் தந்தது சரிதானா என்று பிள்ளைகளைக் கேட்கலாம்.