ஒன்பதாம் படி

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்

பூசையில் எனக்கு முன்னால் தம்பி. மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள் என்று சாமியார் சாம்பல் பூசியபோது குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டில் அம்மா அவன் கஞ்சியில் ரெண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். ஒருசந்தி நாளில்!

மார்ச் 9

பீரோ சாவி தலையணைக்கடியில்.

மார்ச் 16

குடியை விடுகிறவர்களின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் முடிந்து வந்தால் அவன் பேச்சு நிற்பதில்லை. 1935-ல் அமெரிக்காவில் அக்ரன் என்கிற ஊரில் ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே மொடாக்குடியர்கள், உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்ததாம். மொத்தம் பன்னிரண்டு படி, அவன் இப்போது எட்டாம் படி. யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்கள் பட்டியல். ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது, அதனால் யாருக்கும் கெடுதல் வராது என்றால் மட்டும். நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறான். போதுமா?

மார்ச் 30

ஊதாரி மகன் வாசகம். பிரசங்கம் முழுக்க அப்பாவின் இரக்கம். மூத்தவனைப் பற்றி ரெண்டே வரி, பொறாமைக்காரன் என்று.

சொத்தைப் பிரித்தாயிற்று. சின்னவன் தன் பங்கைத் தின்று தீர்த்தாயிற்று. என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்று அப்பாவே மூத்தவனிடம் சொல்கிறார். அப்படியென்றால் சின்னவன் திரும்பி வந்த விருந்துக்கு அடித்த கன்று யாருடையது? அவனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? வயலிலிருந்து வந்தவனுக்கு ஆட்டபாட்டச் சத்தம்தான் சேதி சொல்கிறது. வீட்டுப் பத்திரத்தை மீட்க மாசாமாசம் யார் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று எந்தச் சாமியாராவது பிரசங்கம் வைக்கட்டும், முதல் பெஞ்சில் உட்காருகிறேன். மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவே இல்லை. அவனுக்கும் பசித்திருக்கும்.

ஏப்ரல் 6

விபசாரத்தில் பிடிபட்ட பெண். கல்லை எறியாமல் முதலில் நகர்ந்தது வயதானவர்களாம். எனக்கு இன்னும் வயசாகவில்லை.

ஏப்ரல் 13. குருத்தோலை ஞாயிறு

“அக்கா, கொஞ்சம் உட்காருதியா?”

நோட்டைப் பார்த்து வாசித்தான். சங்கிலி, பத்திரம், என் ஆபீஸ் வாசலில் வந்து நின்ற நாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவன் அழவில்லை, மளிகைக் கணக்கு மாதிரி ஒப்பித்தான்.

“விட்டுப்போனது ஏதும் இருக்காக்கா?”

இருக்கு. சொல்லவில்லை. குக்கரை இறக்கப் போனேன்.

“நீ மன்னிக்கணும்னு இல்லக்கா. நான் சொல்லணும், அவ்வளவுதான்.”

அதைக்கூட என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான். முகம் மட்டும் ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை போல இருந்தது.

ஏப்ரல் 14

லீவு. குடிகாரர்களின் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கூட்டம் இருக்காம், அல்-அனான், 1951-லிருந்து. அங்கேயும் அதே பன்னிரண்டு படிதானாம். குடித்தது அவன், படியேறுவது நானா?

ஏப்ரல் 16

பாவசங்கீர்த்தன வரிசை கெபி வரை நின்றது. முழங்காலிட்டுத் தம்பியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். சாமியார் இருமினார். “உங்க பாவத்தைச் சொல்லுங்கம்மா.”

ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அபராதம், மூன்று அருள் நிறைந்த மரியே. அவ்வளவுதானா என்று கேட்டே விட்டேன். “அவ்வளவுதாம்மா, அடுத்தவங்க காத்திருக்காங்க.” ரோட்டைத் தாண்டும்போது சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததற்கு இவ்வளவு மலிவா? ஏமாந்த மாதிரியும் இருந்தது.

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி

சாவியை ஆணியில் மாட்டினேன். பாதிராத்திரி எழுந்து போய்ப் பார்த்தேன். பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 20

பாஸ்கா பூசை முடிந்து படுக்க ரெண்டு மணி. காலையில் கறி வாங்க யார் போவது என்று அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவனைக் கூப்பிட்டு ஐந்நூறு தாள் மூன்று கொடுத்தேன். ஒன்றரைக் கிலோ, நெஞ்செலும்பு கேட்டு வாங்கு என்றேன். மீதிச் சில்லறை பற்றி வாய் திறக்கவில்லை. ஆறரைக்குப் போனான். இப்போது ஏழேகால். ஈஸ்டர், கடையில் கூட்டம் இருக்கும். அம்மா வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டாள்