கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போட்ட பாடத்திட்டம்

டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுத்து பி.காம். சேர்ந்தபோது, மூன்று ஆண்டுகளில் 360 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) சேர்த்துவிட்டால் போதும் என்பதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. பாடத் தேர்வுக்கு வழிகாட்ட அமர்ந்திருந்தவர், வணிக மாணவர்களுக்கான ஒரு செமஸ்டர் கணிதமே போதும் என்றார். மிச்ச இடங்களைச் சந்தையியலாலும் மேலாண்மையாலும் நிரப்பினேன். அவர் சொன்னது பட்டத்துக்குச் சரி. நான் விரும்பியதோ அதற்குப் பிந்தைய ஹானர்ஸ். தென்னாப்பிரிக்காவில் அது 120 கிரெடிட் கொண்ட தனி ஓராண்டுப் பட்டம். எங்கள் துறையில் அதற்குப் பொருளாதார அளவையியல், அதாவது பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பாடம், வேண்டும்; அதற்கு முன் புள்ளியியல், அதற்கும் முன் முழு ஆண்டு நுண்கணிதம்.

இது தெரியவந்தது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. கோயிலில் சாப்பிட்டு எழுந்தபோது, ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என் பாடங்களைக் கேட்டுவிட்டு, “நுண்கணிதம் எங்கே தங்கச்சி?” என்றார்.

அன்றிரவே பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் வலது ஓரமாக ஹானர்ஸ் என்று எழுதி, ஒவ்வொரு பாடத்துக்கும் எது முன்தேவை என்று கையேட்டைப் பார்த்துப் பார்த்து இடப்புறமாக அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். அம்புகள் முதலாண்டுக் கட்டத்தில் வந்து முட்டிய இடத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டில் நுண்கணிதத்தின் முதற்பகுதியைச் சந்தையியலுக்குப் பதிலாக எடுத்தேன். அடுத்த பகுதியை ஒரு செமஸ்டருக்கு வழக்கமான 64 கிரெடிட்டுக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தேன். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரப் படிப்பு என்பதால், 16 கிரெடிட் பாடம் ஒன்று 160 மணி நேரத்தைக் கேட்கும். அதே செமஸ்டரில் புள்ளியியலையும் எடுக்கத் துறைத்தலைவருக்கு மதிப்பெண்களோடும் அந்த வரைபடத்தோடும் கடிதம் எழுதினேன், அனுமதி கிடைத்தது. அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்தது நல்லதாயிற்று, பதிவு செய்யும்போது கணினி என் பெயரை ஏற்க மறுத்தது.

விருப்பப் பாடங்களில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை செய்தவர். 1990-களில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுத் துணிகள் மலிவாக வந்தபின், டர்பனில் அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் பல மூடின. அம்மாவின் வேலையும் போயிற்று. ஆகவே பன்னாட்டு வணிகமும் உழைப்புப் பொருளாதாரமும் எடுத்தேன். வேலை தேடுவதையே விட்டுவிட்டவர்களை அதிகாரப்பூர்வமான வேலையின்மை விகிதம் கணக்கில் கொள்ளாது, விரிந்த வரையறையே சேர்க்கும் என்று வகுப்பில் படித்த நாளில், அம்மா எந்தக் கணக்கில் இருந்தார் என்று எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

பொருளாதார அளவையியலை மூன்றாம் ஆண்டின் கடைசிச் செமஸ்டரில்தான் முடித்தேன். ஹானர்ஸ் இடமும் கிடைத்தது. இப்போது சித்தி மகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். பத்தாம் வகுப்புக்கு அவள் கணிதத்தை எடுக்க வேண்டும், அல்லது அன்றாட வாழ்க்கைக் கணக்குகளைக் கற்பிக்கும் கணித எழுத்தறிவு என்ற பாடத்தை எடுக்க வேண்டும். பின்னதை எடுத்தால் பொருளாதாரத்துக்கான பி.காம். கதவு பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிடும். அந்த நாட்காட்டித் தாளில் இடப்புறம் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது; அதில் பத்தாம் வகுப்புக்கும் ஒரு கட்டம் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன்.