குதிரை எங்கே?

ஆடி 28, புதன்

அந்தியூர் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு இன்று விடியற்காலையில் வந்து சேர்ந்தேன். மார்வாரி இனக் குதிரைகளின் காதுகள் உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும் அழகைப் படமாக்குவதே நோக்கம். செவலை மார்வாரி ஒன்றை விற்கக் கொண்டுவந்திருந்த பெரியவர், வெளியூர்க்காரர் ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்பப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். குதிரையை எனக்கு நேரே நிறுத்தி, ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து, 200 மி.மீ. லென்ஸில், எஃப் 2.8 அபெர்ச்சரில், அதாவது லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து, எடுத்தேன். கண் பளிச்சென்று விழுந்தது. பின்னாலிருந்த கூடாரங்கள் கரைந்துபோயின. பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்குதுங்க தம்பி. குதிரை எங்கீங்க?" என்றார்.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் அந்தத் தொலைவில், அந்த அபெர்ச்சரில், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 10 செ.மீ. மட்டுமே. குதிரையின் தலையோ 60 செ.மீ. நீளம். கண்ணில் ஃபோகஸ் வைத்ததால் நெற்றிச் சுழி மங்காமல் தப்பியது; முன்னால் மூக்கும் பின்னால் உடலும் மங்கிவிட்டன. எதற்காக வந்தேனோ அந்தக் காதுகளும்தான்.

ஆடி 29, வியாழன்

அபெர்ச்சரைச் சுருக்கினால் தீர்ந்துவிடும் என்று எண்ணி, 15 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்கி எஃப் 8 வைத்தேன் (எண் கூடினால் துளை சுருங்கும்). ஆழம் 2.7 மீட்டராக விரிந்தது. முக்கால் பக்கமாக நின்ற குதிரை முழுவதும் அதற்குள் அடங்கியது. இந்தத் தொலைவில் ஆழம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பரவும் என்பதால், ஃபோகஸைக் கண்ணில் வைக்காமல் தோளில் வைத்தேன். ஆனால் நேற்றுக் கரைந்துபோன கூடாரக் கம்புகள் இன்று உருப்பெற்றுத் திரும்பி வந்து, ஒன்று சரியாகக் காதுகளுக்கு நடுவே முளைத்திருந்தது!

வழியைக் காட்டியவர் பெரியவர்தான். "பக்கவாட்டுல நிறுத்தறனுங்க, நாலு காலும் தெரியோணும்" என்று சொல்லி, என் பக்கத்து முன்காலைச் செங்குத்தாக ஊன்றவைத்து, மறுபக்கத்துக் கால்களைச் சற்றே தள்ளி நிறுத்தினார். அப்போதுதான் புரிந்தது: பக்கவாட்டில் நிற்கும் குதிரையின் மூக்கும் வாலும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன, அதன் உடல் அகலத்துக்கு மட்டுமே ஆழம் தேவை. எஃப் 4 போதுமாயிற்று. கூடாரங்களும் மீண்டும் மங்கின. நின்றபடி எடுத்தால் கால்கள் குட்டையாகத் தெரியுமென்று, மண்டியிட்டு, லென்ஸை அதன் வயிற்று மட்டத்துக்கு இறக்கினேன். கொள்ளு வாளியை யாரோ ஆட்டியதும் காதுகள் முன்னே விறைத்தன. அந்த ஒரு நொடிதான் படம்.

பக்கத்தில் இளைஞர்கள் ஒரு மீட்டர் தொலைவிலிருந்து செல்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைவிடப் பின்தொடை மும்மடங்கு தொலைவில் இருப்பதால், குதிரைக்கு முகம் பானை போலவும் உடல் பூனை போலவும் அமைந்திருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று என் படமும் அப்படியொன்றும் மேலானதில்லை.

ஆடி 31, சனி

வாங்க வந்தவர்கள் குதிரைகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடுகிற குதிரையைத் துரத்தி ஃபோகஸ் செய்வதைவிட, அது கடக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே வைத்துக் காத்திருப்பது எனக்கு எளிதாக இருந்தது. குதிரைக்கு முன்னே வெற்றிடம் விட்டு, ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டரில் எடுத்தேன். 1878இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் 12 கேமராக்களை வரிசையாக வைத்து எடுத்த படங்களில், நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது அவை வயிற்றின்கீழ் கூடும்போதுதான் என்று தெரிந்தது. அதுவரை ஓவியர்கள் கால்களை முன்னும் பின்னும் நீட்டியே வரைந்துவந்தார்கள். நானும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து, நாற்பது படங்களில் இரண்டில் பிடித்தேன்.

ஆவணி 2, திங்கள்

பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பக்கவாட்டுப் படம் வெளியூர்க்காரருக்குப் பிடித்துவிட்டதாம். ஆனால் குளம்புகளையும் பார்க்க வேண்டுமென்கிறாராம். பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு காலும் தெளிவாக இருக்கின்றன, கணுக்கால் வரைக்கும். அதற்குக் கீழே எல்லாம் வைக்கோல்.