நிறுத்தாமலே எரிபொருள்
கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். தேக்கா சந்தையில் தே பெங் குடித்தபடி கேட்டேன்: “எரிபொருள் மாத்த உலையை நிறுத்துவீங்களா சித்தப்பா?”

“நிறுத்தவே வேண்டாம்டா” என்று என் ஸ்ட்ராவை எடுத்துப் படுக்கவைத்தார். அங்கே இருப்பது கனநீர் உலை, அதாவது சாதாரண நீரைவிடக் கனமான ஒருவகை நீரைப் பயன்படுத்தும் உலை. அதில் எரிபொருள் இருக்கும் குழாய்கள் இப்படித்தான் கிடக்குமாம். இரு முனையிலும் ஒவ்வோர் இயந்திரம் வந்து கவ்விக்கொள்ளும். ஒன்று அரை மீட்டர் நீளப் புதிய எரிபொருள் கட்டுகளை உள்ளே தள்ள, எரிந்தவை மறுமுனை இயந்திரத்துக்குள் போய்விடும். எல்லாம் தூரத்திலிருந்தே இயக்குவது. பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. மின் உற்பத்தி பாட்டுக்கு நடக்கும்.

கூடங்குளம் வேறு ரகம். உலையை நிறுத்தி, மூடியைக் கழற்றி, போரிக் அமிலம் கலந்த நீருக்கடியிலேயே மாற்ற வேண்டும். நீர்தான் கதிர்வீச்சுக்குத் தடுப்பு.

சரி, என் ஸ்ட்ரா திரும்பி வரவேயில்லை.